வாசல்தோறும் தெய்வம்: ஹுவா ஹின் வீதிகளில் ஒரு மார்கழி

தாய்லாந்து வளைகுடாவின் மேற்குக் கரையில், பாங்காக் மாநகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் கடற்கரை ஊர் ஹுவா ஹின். ‘கல் தலை’ என்பது அப்பெயரின் பொருள்; கரையோரத்துப் பாறைகளால் வந்த பெயர். மீனவர் குடியிருப்பாக இருந்த இவ்வூர், இருப்புப்பாதை வந்த பிறகு அரச குடும்பத்தார் கடற்காற்று வாங்க வரும் இடமாயிற்று. 1920-களின் இறுதியில் ஏழாம் ராமர் என்னும் மன்னர் இங்கு ஒரு மாளிகை எழுப்பி, ‘கவலைக்கு எட்டாத தொலைவு’ என்று பொருள்படும் ‘க்லாய் கங்வோன்’ என்ற பெயரை அதற்குச் சூட்டினார். 1932-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், மன்னரின் முழு அதிகாரமும் பறிக்கப்பட்ட செய்தி அவரை வந்தடைந்ததும் அதே மாளிகையில்தான். பெயர் சூட்டுவது மட்டுமே மனிதர் கையில் இருக்கின்றது.

சக்ரி வம்சத்து மன்னர்கள் அனைவருக்கும் ‘ராமர்’ என்பது பட்டப் பெயர். இன்று ஆள்பவர் பத்தாம் ராமர். பழைய தலைநகராகிய அயுத்தயா நம் அயோத்தியின் பெயரைத் தாங்கியது. இராமகாதை அங்கு ‘ராமகியன்’ என்னும் பெயரில் அந்நாட்டுக் காவியமாகவே விளங்குகின்றது. ஆயினும் நாடு பௌத்த நாடு. புத்தர்பிரானும் நம் புராண தெய்வங்களும் ஒரே வீதியில் எவ்வாறு பிணக்கின்றி வாழ்கின்றனர் என்பதை அறிய அருங்காட்சியகம் தேடிப் போக வேண்டியதில்லை. ஹுவா ஹின் சந்தைத் தெருவில் விடியற்காலையில் நின்றாலே போதும்.

பேரப்பிள்ளைகளின் அரையாண்டு விடுமுறையை ஒட்டி, மார்கழி மாதத்தில் திருநெல்வேலியிலிருந்து ஒரு முதிய தம்பதியர் மகன் குடும்பத்துடன் இவ்வூருக்கு வந்திருந்தனர். பெரியவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அம்மையாரோ, நாற்பது ஆண்டுகளாக மார்கழி வைகறையில் நெல்லையப்பர் சந்நிதியில் திருவெம்பாவை ஓதுவதைக் கைவிடாதவர். “மார்கழியிலயா கடற்கரைக்குப் போகணும்?” என்று அவர் கேட்டபோது, மகன் பயணச்சீட்டு எடுத்து முடித்திருந்தான். திருநீற்றுப் பை, சுவாமி அம்பாள் படம், அவல், ஊறுகாய், பழைய பாராயணப் புத்தகம் ஆகியவற்றோடு அவர் புறப்பட்டார். முதல் நாள் இரவு விடுதிக்குச் செல்லும் வழியில் கண்ட மதுக்கூடங்களின் சிவப்பு விளக்குகள் அவர் மனக்குறையைப் பெருக்கின. கோயிலே இல்லாத ஊருக்கு வந்துவிட்டோமோ என்ற ஏக்கத்துடன் அன்றிரவு உறங்கினார்.

ஹுவா ஹின் கடல் கிழக்கு நோக்கியது. நம் கீழைக் கடற்கரையைப் போலவே கதிரவன் அங்கும் நீரிலிருந்து எழுகின்றான். இரவெல்லாம் கணவாய் மீன் பிடிக்கச் சென்ற படகுகளின் பச்சை விளக்குகள் தொடுவானில் ஒன்றன்பின் ஒன்றாக அணையும் நேரம் அது. மார்கழி என்றாலும் பனியில்லை. இதமான காற்று மட்டுமே உண்டு. மறுநாள் அந்நேரத்தில் தம்பதியர் விடுதியை விட்டு வெளியே வந்தனர். தெருவில் பெண்கள் சிலர் வாசலுக்கு வெளியே சிறு மேசை இட்டு, சோறு, குழம்பு, பழம், தண்ணீர்ப் புட்டி, மலர் ஆகியவற்றை அடுக்கி வைத்துக் காத்திருந்தனர். எவரும் பேசவில்லை.

சிறிது நேரத்தில் காவி உடுத்த துறவியர் வந்தனர். காலில் செருப்பில்லை. கையில் பிச்சைப் பாத்திரம். எந்த வாசலிலும் குரல் கொடுக்கவில்லை, எதையும் கேட்கவில்லை. அழைப்போர் முன் நின்றனர், அழைக்காதோரைக் கடந்து சென்றனர். இடுவோர் செருப்பைக் கழற்றி, உணவைப் பாத்திரத்தில் சேர்த்துவிட்டு, தரையில் முழந்தாளிட்டுக் கைகுவித்தனர். துறவி பாலி மொழியில் வாழ்த்துரைத்தார். நீண்ட ஆயுளும் பொலிவும் சுகமும் வலிமையும் பெறுக என்பது அதன் சாரம். ‘நன்றி’ என்ற சொல் அங்கு இல்லை. கொடுத்தவரே கொடுக்கும் பேறு கிடைத்ததற்கு நன்றியுடையவர் என்பது அவர்கள் கொள்கை. இதற்குத் தாய் மொழியில் ‘பிந்தபாத்’ என்று பெயர். ‘பிண்டபாதம்’ என்ற பழஞ்சொல்லே அவ்வாறு திரிந்தது. புண்ணியம் செய்வதை ‘தாம் பூன்’ என்கிறார்கள். ‘பூன்’ என்பது நம் புண்ணியமேயன்றி வேறில்லை.

துறவியர் நண்பகலுக்குப் பின் உணவு கொள்வதில்லை. ஆகவே இந்த விடியற்காலை உணவே அவர்களது நாளை நடத்துகின்றது. பாத்திரம் நிறைய நிறைய, உடன் வரும் சிறுவன் அதைப் பைக்கு மாற்றிக்கொண்டே வருவான். மடத்தில் எளியோர்க்கும் அதில் பங்குண்டு.

இவற்றினும் மேலாக அம்மையாரின் நெஞ்சைத் தொட்டது பின்னர் நிகழ்ந்த ஒன்று. துறவி அகன்றதும், அடுத்த வீட்டு மூதாட்டி ஒரு சிறு குவளையிலிருந்து நீரைச் சொட்டுச் சொட்டாக மற்றொரு கிண்ணத்தில் வார்த்தார். அவர் உதடுகள் அசைந்தன. பிறகு எழுந்து, கிண்ணத்து நீரை வாசல் மரத்தின் அடியில் ஊற்றினார். அன்று ஈட்டிய புண்ணியத்தை மறைந்த பெற்றோர்க்கும் முன்னோர்க்கும் தாரை வார்த்துக் கொடுக்கும் சடங்கு அது. எள்ளும் தருப்பையும் இல்லை. நீர் இருந்தது, நினைவும் இருந்தது. பொருநை ஆற்றங்கரையில் அமாவாசைதோறும் கண்டதை அம்மையார் அங்கு வேறு கோலத்தில் கண்டார்.

மூன்றாம் நாள் அவரும் ஒரு சீப்பு வாழைப்பழத்துடன் வாசலில் நின்றார். பெண்கள் துறவியைத் தொடலாகாது, பாத்திரத்தில் நேராக இட வேண்டும் என்று விடுதிப் பணிப்பெண் சைகையால் கற்பித்தாள். முழங்கால் வலியால் அம்மையாரால் மண்டியிட இயலவில்லை. நின்றபடியே தலை தாழ்த்தினார். அதைக் குறையாக எவரும் கருதவில்லை. அன்றைய திருவெம்பாவையை ஏற்கெனவே ஓதி முடித்துவிட்டுத்தான் வாசலுக்கு வந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். தம் நோன்பில் அவர் ஒரு நாளும் விட்டுக்கொடுக்கவில்லை.

பொழுது புலர்ந்தபின் தெருவில் நடப்பவர்க்கு முதலில் கண்ணில் படுவது, ஒவ்வொரு கட்டடத்தின் முன்னும் ஒற்றைத் தூணின்மேல் நிற்கும் சிறு மாடம். குட்டிக் கோயில் போன்ற கூரையும் பொன்வண்ணப் பூச்சும் உடையது. விடுதி, வங்கி, மருந்துக்கடை, பெட்ரோல் நிலையம் எதுவாயினும் இம்மாடம் இன்றி இல்லை. ‘சான் ப்ரா பூம்’ என்பது இதன் பெயர். ‘பூம்’ என்பது பூமி. அந்நிலத்துக்குரிய காவல் தெய்வம் அதில் உறைகின்றது. நிலத்தில் நாம் வீடு கட்டிக் குடியேறியதால் இடம் இழந்த தெய்வத்துக்கு ஒரு வீடு கட்டித் தருவது முறையல்லவா என்பது அவர்கள் வாதம். பெரிய வீட்டின் நிழல் இச்சிறு வீட்டின்மேல் விழக்கூடாது என்றொரு விதியும் உண்டு. மனைக் கோலுவதற்கு முன் பூமி பூஜை செய்துவிட்டு, அதன்பின் அத்தெய்வத்தை அடுத்த மனை வாங்கும்வரை மறந்துவிடும் வழக்கமுடையோர் சற்று எண்ணிப் பார்க்கத் தக்க விதி.

நாள்தோறும் அம்மாடத்துக்கு ஊதுபத்தி, மலர், பழம், சிறு கிண்ணத்தில் சோறு படைக்கின்றனர். கூடவே உறிஞ்சு குழலிட்ட சிவப்பு ஃபான்டா புட்டியும் இருக்கும். இதைக் கண்ட பேரன் வாய்விட்டுச் சிரித்தான். பழங்காலத்துப் பலியின் செந்நிறத்துக்கு இது மாற்று என்று சொல்வோர் உண்டு. காரணம் எதுவாயினும், சோடாவும் சுருட்டும் படைக்கப்படும் காவல் தெய்வங்கள் நம் கிராம எல்லைகளிலும் இருக்கின்றனவே! பெரியவர் அதைச் சொன்னதும் பேரனின் சிரிப்பு அடங்கியது.

கடைத்தெரு முனையில் இருந்த ஒரு விடுதியின் முன்தான் அம்மையார் திகைத்து நின்றார். நான்கு முகங்களும் பல கரங்களும் கொண்ட பொன்னிற மூர்த்தி, நான்கு புறமும் திறந்த மண்டபத்தில் வீற்றிருந்தார்.

“என்னங்க, இது பிரம்மாதானே?”

“அவரேதான். இங்க ‘ப்ரா ப்ரோம்’னு சொல்றாங்க.”

“நம்ம ஊர்ல அவருக்குக் கோயிலே கிடையாதே!”

அடிமுடி தேடிய கதையும் தாழம்பூவின் பொய்ச்சாட்சியும் அறியாத தமிழ் முதியவர் இல்லை. அதன் விளைவாகத் திருச்சிக்கு அருகிலுள்ள திருப்பட்டூர், கும்பகோணம் போன்ற சில தலங்களில் தவிர, நான்முகன் பெரும்பாலும் சிவாலயக் கருவறையின் வடபுறக் கோட்டத்தில் அமைதியாக நிற்பதோடு சரி. அத்தகையவர் தாய்லாந்தில் தெருமுனைத் தெய்வமாகக் கோலோச்சுகின்றார். இதற்கு அண்மைக் காலக் காரணம் ஒன்றும் உண்டு. பாங்காக்கில் ‘எரவான்’ என்னும் விடுதியைக் கட்டியபோது விபத்துகள் தொடர்ந்தன. எரவான் என்பது நம் ஐராவதம். கால்கோள் இட்ட நாள் நல்ல நாளன்று, பிரம்மாவுக்குச் சந்நிதி எழுப்புக எனச் சோதிடர் கூறினார். 1956-ல் அச்சந்நிதி எழுந்தது. இடர்கள் நின்றன என்பது அவர்கள் நம்பிக்கை. அதன்பின் நாடெங்கும் விடுதிகளின் முன்பும் அங்காடிகளின் முன்பும் நான்முகன் எழுந்தருளினார். 2015 ஆகஸ்டில் அச்சந்நிதியருகே குண்டு வெடித்து 20 பேர் மாண்டனர். இரண்டே நாளில் மக்கள் மீண்டும் அங்கு மலருடன் வந்து நின்றனர்.

வழிபடும் முறை எளிது. முன்முகத்தில் தொடங்கி வலமாகச் சுற்றி, ஒவ்வொரு முகத்துக்கும் ஊதுபத்தியும் மாலையும் சார்த்துவர். வேண்டுதல் நிறைவேறினால் மரத்தாலான யானைப் பொம்மைகளைக் காணிக்கையாக வைப்பர். நான்கு முகங்களும் நான்கு வேதங்கள் என்பது நமக்குத் தெரிந்த விளக்கம். அவர்களோ அன்பு, இரக்கம், பிறர் மகிழ்வில் மகிழ்தல், நடுநிலை என்னும் நான்கு நற்குணங்கள் என்கின்றனர். பௌத்தம் அவற்றைப் பிரம்ம விகாரங்கள் என்று அழைக்கும். ஆக, மூர்த்தி நாம் அறிந்தவர்; அவரைப் பற்றிய எண்ணம் அவர்களுடையது.

அம்மையார் மடியிலிருந்து திருநீற்றுப் பையை எடுத்தார். மூர்த்தியின் பீடத்தில் சிறிது தூவி, எடுத்து நெற்றியில் இட்டுக்கொள்ள வேண்டும் என்பது அவர் விருப்பம். பெரியவர் மெல்லத் தடுத்தார். “அது அவங்க வீட்டுச் சாமி. நாம விருந்தாளி. அவங்க எப்படிக் கும்பிடுறாங்களோ அப்படியே கும்பிடு.” அம்மையாருக்கு முதலில் மனம் ஒப்பவில்லை. “நம்ம பிரம்மாவைக் கும்பிட நமக்கு யாரு முறை சொல்லணும்?” என்றார். அக்கேள்வி நியாயமற்றதன்று. ஆனால் தாய்லாந்து செல்லும் நம்மவர் பலர் தடுமாறுவது இவ்விடத்தில்தான். சிலர், ‘எல்லாம் நம்மிடமிருந்து போனதுதான்’ என்று உரிமை கொண்டாடுவர். வேறு சிலர், ஆகம விதியின்றி நடுத்தெருவில் இருப்பது தெய்வமா என்று ஒதுங்குவர். இரண்டும் அந்த மலர்க்காரிக்கும் வாகன ஓட்டிக்கும் செய்யும் அநீதி. பல தலைமுறைகளாக அவர்கள் கும்பிட்டுக் காத்த தெய்வம் அது. அம்மையார் சிறிது நேரம் நின்றார். பையை மடியில் செருகிக்கொண்டு, அருகிலிருந்த பெண் செய்ததைப் பார்த்துப் பார்த்து நான்கு முகங்களையும் வலம் வந்து வணங்கினார்.

மாலை வாங்கியபோது மற்றுமொரு வியப்பு. விற்ற சிறுமி அதை ‘மாலை’ என்றே சொன்னாள். ‘புவாங் மாலை’ என்பது முழுப்பெயர். கட்டியிருந்த பூ மல்லிகை. அதை அவள் ‘மலி’ என்றாள். கைக்குள் அடங்கும் அளவில் வளையமாகக் கோத்து, நுனியில் ரோஜாவோ சாமந்தியோ தொங்கவிட்டிருப்பார்கள். அந்த மாலையை வண்டிக் கண்ணாடியிலும், மீன்பிடிப் படகின் முனையில் வண்ணத்துணி சுற்றிய இடத்திலும், கடைக் கல்லாவின் மேலும் காணலாம். படகின் முனையில் குடியிருப்பவள் ‘மே யா நாங்’ என்னும் அன்னை. அவள் இருக்கும் முனையைப் படகோட்டி மிதிக்க மாட்டான். பெண்கள் மாலையைக் கூந்தலில் சூடுவதில்லை. அது தெய்வத்துக்கும் பெரியோர்க்கும் உரியது.

பெரியோரைப் பற்றிச் சொல்லும்போது அத்தெருவின் மொழியையும் சொல்ல வேண்டும. கடைக்காரர் எவரும் வாடிக்கையாளரைப் பெயரிட்டு அழைப்பதில்லை. வயதுக்கேற்ப உறவு சொல்லி அழைக்கின்றனர். பெரியப்பா முறைக்கு ‘லுங்’, பெரியம்மா முறைக்கு ‘பா’, பாட்டிக்கு ‘யாய்’, இளையோருக்கு ‘நோங்’. முன்பின் அறியாதவரை அண்ணாச்சி என்றும் ஆச்சி என்றும் அழைக்கும் நெல்லைச் சீமையினருக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. கைகுவித்து வணங்குவதிலும் அளவுண்டு. ஒத்த வயதினர்க்கு மார்பளவு, பெரியோர்க்கு முகத்தளவு, துறவியர்க்கு நெற்றியளவு. இளையவரே முதலில் வணங்க வேண்டும். சித்திரைப் பிறப்பை ஒட்டி ஏப்ரல் 13-ல் வரும் ‘சொங்க்ரான்’ என்னும் புத்தாண்டில், பிள்ளைகள் பெரியோரின் உள்ளங்கையில் மணநீர் வார்த்து ஆசி பெறுவர். சங்கராந்தி என்ற சொல்லே அப்பெயராயிற்று. வெளிநாட்டார் அறிந்ததெல்லாம் தெருவில் நீர்த்துப்பாக்கி கொண்டு ஆடும் கூத்து மட்டுமே.

திங்கட்கிழமை காலை ஊரெங்கும் மஞ்சள் சட்டைகள் தென்பட்டன. கிழமைக்கு ஒரு நிறம் என்பது அந்நாட்டு வழக்கு. ஞாயிறு சிவப்பு, திங்கள் மஞ்சள், செவ்வாய் இளஞ்சிவப்பு, புதன் பச்சை, வியாழன் காவி, வெள்ளி நீலம், சனி கருநீலம் கலந்த ஊதா. மறைந்த ஒன்பதாம் ராமரும் இன்றைய மன்னரும் திங்களில் பிறந்தவர்கள். ஆதலின் அந்நாளின் மஞ்சளுக்குத் தனி மதிப்பு. கிழமைப் பெயர்களும் கோள்களின் பெயர்களே. ஆதித்தன் ‘ஆதித்’ ஆனான், சந்திரன் ‘சான்’ ஆனான், அங்காரகன் ‘அங்கான்’, புதன் ‘புத்’, சுக்கிரன் ‘சுக்’. தாம் பிறந்த கிழமையை அறியாதவர் அங்கு அரிது. ஏனெனில் கோயிலில் எந்தக் கோல புத்தர் முன் விளக்கேற்றுவது என்பது கிழமையைப் பொறுத்தது. நவக்கிரகச் சந்நிதியில் பழகியவர்க்கு இது எளிதில் விளங்கும்.

மாலை மயங்கியதும் தேச்சானுசித் தெருவில் இரவுச் சந்தை கூடுகின்றது. நண்டும் கணவாயும் பனிக்கட்டியின்மேல் குவிந்து கிடக்க, அடுப்புகளின் புகை எழ, அம்மையார் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். சைவ உணவு அங்கு எளிதன்று. காய்கறி மட்டும் என்று கேட்டாலும் மீன்சாறு கலந்துவிடும். அவர்கள் கணக்கில் அது உப்பைப் போன்றது. ஆயினும் வழியில்லாமல் இல்லை. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் ‘ஜே’ என்று எழுதியிருக்கும் கடையில் ஊனும் மீனும் முட்டையும் பாலும் இல்லை. வெங்காயமும் பூண்டும்கூட விலக்கு. சீன மரபில் வந்த நோன்பு உணவு அது. ஆண்டுதோறும் அவர்கள் ஒன்பது நாள் அந்நோன்பு நோற்பர். பல ஆண்டுகளில் அது நம் நவராத்திரியோடு சேர்ந்தே வரும். சைவ உணவுக்கு மற்றொரு தாய்ச் சொல் ‘மங்சவிரத்’. மாமிச விரதி என்று பிரித்தால் விளங்கிவிடும். இந்த இரு சொற்களையும் ஒரு சீட்டில் தாய் எழுத்தில் எழுதி வாங்கி வைத்துக்கொண்டால், முதியோர் பசியோடு திரும்ப வேண்டியதில்லை.

சந்தையின் கோடியில் ஒரு கிழவி இரும்புக் குழிச்சட்டியில் எதையோ ஊற்றி மூடிக்கொண்டிருந்தாள். “பணியாரச் சட்டி!” என்று அம்மையார் நின்றுவிட்டார். அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கலந்து வார்க்கும் ‘கனோம் க்ரோக்’ அது. அடி முறுகி, மேலே இளகி, இனிப்பும் சிறிது உப்புமாக இருக்கும். வாழையிலையில் பொதிந்து ஆவியில் வேகவைத்த வாழைப்பழச் சோறும் அவளிடம் இருந்தது. மொழி ஒன்றும் அறியாத இரு மூதாட்டியரும் சட்டியைக் காட்டியும் விரலை மடக்கியும் கால் மணி நேரம் உரையாடினர். எத்தனை குழி, எவ்வளவு நெருப்பு என்பதைத் தவிர அதில் வேறு பொருள் இருந்திருக்க முடியாது. அன்று முதல் இரவு உணவுக்குக் கவலையில்லை.

மதுக்கூடங்களின் சந்து அடுத்ததாக இருக்கின்றது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எந்தக் கடற்கரை ஊரிலும் உள்ளதுதான். ஆனால் அச்சந்தின் வாசலிலும் பூமி தெய்வத்தின் மாடம் இருந்தது. அங்கு வேலை செய்யும் பெண்கள் மாலையில் கடை திறக்குமுன் அதற்கு விளக்கேற்றிக் கண்மூடி நின்றனர். அம்மையார் முதல் நாள் வண்டியிலிருந்து விளக்குகளை மட்டும் கண்டிருந்தார். நடந்து சென்றபோதுதான் அப்பெண்களைக் கண்டார். அவர்களில் ஒருத்திக்குத் தம் பேத்தியின் வயதுதான் இருக்கும் என்று பின்னர் மருமகளிடம் சொன்னார், வேறொன்றும் சொல்லவில்லை.

அந்நாட்டில் பல இடங்களில் ஓர் அறிவிப்புப் பலகை உண்டு. புத்தர் அலங்காரப் பொருள் அல்லர். அவர் தலையை வாங்கிக் கூடத்தில் வைக்காதீர், உடம்பில் பச்சை குத்தாதீர் என்பது அதன் செய்தி. உடலின்றித் தலையை மட்டும் மேசைமேல் வைப்பது அவர்களுக்கு வேதனை. நம் நகர வீடுகளின் வரவேற்பறையில் பூந்தொட்டிக்கு அருகே இருக்கும் புத்தர் தலையைக் கண்டால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? மகன் வாங்க எடுத்த சிறு சிலையைப் பெரியவர் கடையிலேயே திருப்பி வைக்கச் செய்தார். புத்தர் திருவுருவங்களை நாட்டை விட்டுக் கொண்டுசெல்ல நுண்கலைத் துறையின் உரிமம் வேண்டும் என்பதும் சட்டம். அத்துறையின் இலச்சினை யார் தெரியுமா? நம் ஆனைமுகப் பிள்ளையார்! தாய்லாந்தில் ‘ப்ரா பிக்கனேத்’ என்று வழங்கும் அவர் கலைகளின் தலைவர். இசைப்பள்ளி, அச்சகம், தையற்கடை என்று எங்கும் இருக்கின்றார். அவருடைய மூஞ்சுறுவின் ஒரு காதைக் கையால் பொத்தி, மறு காதில் வேண்டுதலைச் சொல்வது அவர்கள் வழக்கம். பொத்தாவிட்டால் சொன்னது மறுகாது வழியே போய்விடுமாம். பிரதோஷத்தன்று நந்தியின் காதில் சொல்லி வந்தவர்கள், இனி மறுகாதையும் கவனிக்கலாம்.

ஊருக்குத் தெற்கே காவ் தாகியாப் என்னும் குன்று உண்டு. அதன் அடியில் கடலை நோக்கி நிற்கும் சுமார் 20 மீட்டர் உயரமுள்ள பொன்னிற புத்தரைக் காணப் பச்சை நிறப் பகிர்வு வண்டிகள் சந்தையிலிருந்து செல்கின்றன. மேலேற நிறையப் படிகள், குரங்குகளும் மிகுதி. முழங்கால் தளர்ந்தவர்கள் அடியில் நின்று வணங்கித் திரும்புவதே நன்று. தம்பதியரும் அவ்வாறே செய்தனர்.

திரும்பும் விமானம் பாங்காக்கிலிருந்து மாலையில். காலையிலேயே மாநகரை அடைந்துவிட்டதால், பெரியவர் மாணவப் பருவம் முதல் கேள்விப்பட்டிருந்த ஓரிடத்துக்கு அனைவரையும் அழைத்துச் சென்றார். வாட் சுதத் என்னும் பௌத்தக் கோயிலின் முன், செந்நிறம் பூசிய இரு நெடிய தேக்குத் தூண்கள் இருபது மீட்டருக்கும் மேலாக உயர்ந்து நிற்கின்றன. மேலே வேலைப்பாடுள்ள குறுக்குச் சட்டம். ஊஞ்சல் மட்டும் இல்லை. 1784-ல் முதலாம் ராமர் காலத்தில் அமைந்த மாபெரும் ஊஞ்சல் இது. ஆண்டுதோறும் நம் மார்கழி, தை மாதங்களை ஒட்டி, இளைஞர்கள் இதில் வானளாவ ஆடி, கம்பத்தில் கட்டிய பொற்காசுப் பையைப் பல்லால் கவ்வுவர். ஈசன் மண்ணுலகுக்கு எழுந்தருளும் நாள்களில் அவர் மகிழ நிகழும் விழா அது. ஆடுவது 1935-ல் நின்றுபோயிற்று. விழாவின் வழிபாடு மட்டும் அருகிலுள்ள ‘தேவஸ்தான்’ என்னும் அந்தணர் கோயிலில் இன்றும் நடைபெறுகின்றது. ஈசனுக்குப் பத்து நாள், நாராயணனுக்கு ஐந்து நாள். அவ்விழாவின் பெயர் ‘த்ரியம்பவாய் த்ரிபவாய்’.

“திருவெம்பாவை, திருப்பாவை” என்று பெரியவர் நிறுத்திச் சொன்னார்.

அம்மையார் சிறிது நேரம் பேசவில்லை.

முன்னாளில் தென்னாட்டிலிருந்து சென்றவர்களின் வழிவந்தவர்கள் எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் அரசவை அந்தணர், கிரந்த எழுத்தின் வழிவந்த எழுத்தில் எழுதிய ஏடுகளைக் கொண்டு அவ்விழாவில் ஓதுகின்றனர். அவற்றில் தமிழ்ப் பதிகங்கள் உள்ளன என ஆய்வாளர் கண்டனர். ஒலி திரிந்துவிட்டது, பொருள் அவர்களுக்கு எட்டாது. காஞ்சி மகாபெரியவர் இதைத் தம் உரைகளில் வியந்து குறிப்பிட்டதுண்டு. 2019-ல் பத்தாம் ராமர் முடிசூடியபோது சடங்கு நடத்தியவர்களும் இவ்வந்தணரே.

“அர்த்தம் தெரியாமலா இத்தனை வருஷம் சொல்லிட்டு வர்றாங்க?” என்று அம்மையார் கேட்டார்.

“நாம அர்த்தம் தெரிஞ்சும் எத்தனை பேர் சொல்றோம்?”

தேவஸ்தான் சிறிய வளாகம். ஈசன், பிள்ளையார், நாராயணன் மூவருக்கும் தனித்தனியே மூன்று கட்டடங்கள். ஆரவாரமில்லை. வெள்ளுடை அணிந்து, கூந்தலை முடிந்த ஒருவர் வாசலில் அமர்ந்திருந்தார். அம்மையார் செருப்பைக் கழற்றி, கைகளை நெற்றியளவு உயர்த்தி அவரை வணங்கினார். அவரும் வணங்கி, உள்ளே செல்லுமாறு சைகை செய்தார்.

அன்று காலை விடுதியில் அவசரமாகப் புறப்பட்டதில், இருபது பாடல்களில் கடைசி நான்கை ஓத நேரமில்லாமற் போயிருந்தது. அம்மையார் பையிலிருந்து பாராயணப் புத்தகத்தை எடுத்தார். முழங்காலை மடிக்க முடியாததால் சுவரோரம் நின்றபடி, ஈசனின் முன் அந்நான்கையும் தணிந்த குரலில் ஓதினார். வாசலில் இருந்தவர் எழுந்து வந்து சற்றுத் தொலைவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஓதி முடித்ததும், ஹுவா ஹின் சந்தையில் வாங்கி ஈரத்துணியில் பொதிந்து கொண்டுவந்த மல்லிகை மாலையை அம்மையார் அவரிடம் நீட்டினார். அவர் அதை இரு கைகளாலும் ஏற்று, உள்ளே கொண்டுபோய்ச் சார்த்தினார். விமானத்துக்கு இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது.